ரேடாருக்குச் சாத்திய சந்தனம்

பத்து வருஷமாக என் மனைவி நான் ஓட்டும் வண்டியில் ஏறியதில்லை. காரணம், செம்பூரில் ஒரு வடா பாவ் தள்ளுவண்டி. அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. நான்தான் தேடிப் போய் மோதினேன். யாருக்கும் அடியில்லை. முன்கண்ணாடி முழுக்கப் பச்சைச் சட்னி. அவள் இறங்கினாள், புடவையை உதறிக்கொண்டாள், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அன்று முதல் ஒரே கல்யாணத்துக்கு நான் காரிலும் அவள் பஸ்ஸிலுமாகப் போவோம். பெரும்பாலும் அவள்தான் முகூர்த்தம் பார்ப்பாள். நான் பார்க்கிங் பார்ப்பேன்.

ரிட்டையர் ஆன பிறகு எனக்கு ஒரே ஆசை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். என்னை நம்பமாட்டாள், சரி; தொழில்நுட்பத்தை நம்பலாமே என்று புது மின்சாரக் கார் வாங்கினேன். முன்னால் எது வந்தாலும் தானே பிரேக் போடும். கோடு தாண்டினால் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்கும். கோடு போட்ட தெரு தாராவிப் பக்கம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. “அங்கிள், நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், எல்லாம் வண்டி செய்யும்” என்று ஷோரூம் பெண் ஹிந்தியில் அடித்துச் சொன்னாள். முப்பது வருஷம் ஆபீஸில் நான் கடைப்பிடித்த கொள்கை அது. உடனே கையெழுத்துப் போட்டேன்.

மனைவி கொஞ்சம் இளகினாள். மாட்டுங்கா கோயிலில் வண்டிக்குப் பூஜை ஆகட்டும், திரும்பும்போது ஏறுகிறேன் என்றாள். பூஜைக்கு வந்தது வழக்கம்போல் பஸ்ஸில்.

குருக்கள் கற்பூரத் தட்டோடு வண்டிக்கு முன்னால் வந்தார். நாலு பேர் பார்க்கட்டும் என்று நான் உள்ளே எல்லாவற்றையும் ஆன் செய்து வைத்திருந்தேன். வண்டி கீ கீ என்று கத்தியது. திரையெல்லாம் சிவப்பு: முன்னால் தடை. அவர் பின்வாங்கினால் அடங்கியது. நெருங்கினால் மறுபடி கத்தல்.

“நாஸ்திக வண்டியா சார்?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் பஸ் ஸ்டாப் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

அபசகுனம் என்று அவள் முடிவு கட்டுவதற்குள் ஈடுகட்டியாக வேண்டும். வண்டியின் மூக்கில் இருக்கும் கம்பெனிச் சின்னத்தின்மேல் தாராளமாகச் சந்தனம் சாத்தச் சொன்னேன். அவர் ஊத்தப்பம் கனத்துக்கு அப்பினார். இன்னும் கொஞ்சம் என்றேன். அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் வண்டியின் கண்ணான ரேடார் இருக்கிறதாம். கையேட்டில் தெளிவாகவே போட்டிருக்கிறது. கையேடு பிளாஸ்டிக் உறை பிரியாமல் பத்திரமாக இருந்தது.

அவள் ஏறினாள். முன் ஸீட்டில். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, கிளம்பினோம். கிங்ஸ் சர்க்கிள் தாண்டுவதற்குள் திரையில் மஞ்சளாக ஒரு செய்தி: முன் ரேடார் மறைக்கப்பட்டிருக்கிறது, தானியங்கி பிரேக் வேலை செய்யாது. படிக்கிற கண்ணாடி கொண்டுவராத என் மனைவி, என்னவாம் என்று கேட்டாள்.

“வாழ்த்துச் செய்தி,” என்றேன்.

நிறுத்தித் துடைத்திருக்கலாம். ஆனால் சாமி சந்தனத்தை அழித்தால் அவள் இறங்கிவிடுவாள். உண்மையைச் சொன்னாலும் இறங்கிவிடுவாள். ஆகவே ஓட்டினேன். விளிம்புவரை எண்ணெய் நிறைந்த கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டவன் மாதிரி ஓட்டினேன். ஸயனில் ஒரு ரிக்ஷா குறுக்கே பாய்ந்தது, பிரேக் போட்டேன். அப்புறம் ஒரு டெம்போ, அப்புறம் மொபைலைப் பார்த்துக்கொண்டே நடந்த ஒரு கனவான். மூன்றும் கச்சிதம். பின்னால் வந்த டாக்ஸிக்காரர் என் பரம்பரையைப் பற்றி ஹிந்தியில் விசாரித்தார்.

ஒவ்வொரு பிரேக்குக்கும் என் மனைவி டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தாள். “சமத்து,” என்றாள். வண்டியைத்தான். நாலு சக்கரத்தின்மேல் மனுஷனுக்குப் பொறாமை வருமா? வந்தது. செம்பூர் சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றதும் அதற்குமேல் தாங்கவில்லை.

“அதெல்லாம் நான்,” என்றேன்.

“எதெல்லாம்?”

“பிரேக். மூணும் நான் போட்டது. வண்டிக்கு ஒண்ணும் தெரியலை. சந்தனம் கண்ணை மறைச்சுடுத்து.”

அவள் கை கதவுக் கைப்பிடிக்குப் போயிற்று. நேரம் பார்த்து ஒரு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. காலியாக வேறு இருந்தது. பஸ்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“வாழ்த்துச் செய்தின்னேளே.”

“புளுகு.”

“அப்போ ஸயன்லேர்ந்து நீங்கதான் ஓட்டிண்டு வரேளா?”

“கிங்ஸ் சர்க்கிள்லேர்ந்து.”

அவள் கை கைப்பிடியை விட்டது; ஸீட் பெல்ட்டை இழுத்து, சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தது.

“அதைத் துடைக்க வேண்டாம். வண்டி பாத்துக்கும்னா நீங்க பாக்கவே மாட்டேள்,” என்றாள்.

பத்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் லைசென்ஸ். அந்த மயக்கத்தில் பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் அத்தனை வண்டிகளும் ஹார்ன் அடித்தன.

“போங்கோ,” என்றாள். “உங்களைத்தான் திட்டறா. வண்டியை இல்லை.”