கரண்ட் போதாத டிரைவ்

மகளின் கல்யாணப் படங்கள் நானூற்றுப் பன்னிரண்டும் இந்த ஒரு ஹார்ட் டிரைவில்தான் இருக்கின்றன. வேறு நகல் கிடையாது. பழைய கம்ப்யூட்டரில் செருகினால் திரையில் எதுவும் வரவில்லை, டிரைவ் முனகியது.

"இன்னாயா, ஒம்போதாவது தபா புடுங்கி சொருவுறே. படமெல்லாம் பூட்ச்சா?" என்றாள் மனைவி.

அந்த முனகல் எனக்குப் பழக்கமானது. சிறுவயதில் ராயபுரத்தில் நாங்கள் இருந்த வரிசையில் ஆறு வீட்டுக்கும் ஒரே மீட்டர். சாயங்காலம் எல்லோரும் விளக்குப் போட்டதும் கரண்ட் போதாமல் எங்கள் வால்வு ரேடியோ இப்படித்தான் முனகும். மாமா மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தால் அப்பா வாசலில் நின்று அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்துக் கத்துவார்: "பாத்திமாக்கா, லைட்ட அணைமா! புயல் நூஸ் சொல்லப் போறான்!" ஆறு வீடும் இருட்டாகும். ரேடியோ வாய் திறக்கும். ஈரவலை வாடைக்கு நடுவே இருபத்து மூன்று பேரும் மூச்சுவிடாமல் கேட்போம்.

மனைவியிடம் இதைச் சொல்லிக்கொண்டே, கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த போன், ஸ்பீக்கர், கேமரா மூன்றையும் கழற்றிவிட்டு, இருக்கும் கரண்ட் முழுக்க அதற்கே போகட்டும் என்று டிரைவை மட்டும் செருகினேன். படங்கள் வந்துவிட்டன.

அவள் எழுந்துபோய் ஃபேனையும் லைட்டையும் அணைத்தாள்.

"ஒரு சேஃப்டிக்குயா. மறுபடி பூட்டா?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லவில்லை. வியர்க்க வியர்க்க, இருட்டில் ஒட்டி உட்கார்ந்து மகளைப் பார்த்தோம்.