ஒரு போத்தல் நெடுந்தீவுத் தண்ணீர்

பருப்பு அவிகிற தண்ணீரா என்று பார்க்கத்தான் நான் முதன்முதலாகக் கடல் தாண்டினேன். கையில் ஒரு வெறும் சோடாப் போத்தல், அதற்கு ஒரு தக்கை. யாரும் காணக் கூடாதென்று துவாயில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருந்தேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம் முடிந்து அடுத்த பங்குனி அது. மூத்த மகளுக்கு நெடுந்தீவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை கொழும்பில் கிளறிக்கல் வேலை பார்த்து, கலவரத்தோடு உடுத்த உடுப்புடன் வந்தவர். இப்போது சொந்தத் தீவிலேயே கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். ஆளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சீதன வீடு வேண்டாம் என்றார்கள். தாய் தனியாள், மாடுகளும் இருக்கின்றன, பெண் தீவுக்கு வந்துதான் இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கொடுத்த வீட்டுக்கு வந்து இருப்பார். கோப்பாயில் அவளுக்கென்று வீடு கட்டி ஓடும் போட்டு வைத்திருந்தோம்.

அயலுக்கு வாய் சும்மா இருக்குமா? "வீடு வேண்டாமெண்டால் என்னவோ பிழை இருக்கு" என்றாள் ஒருத்தி. "அங்கை தண்ணி உப்பு. பருப்பு அவியாது, தலைமயிர் சிக்குப் பிடிக்கும்" என்றாள் இன்னொருத்தி.

வெள்ளிக்கிழமைக்குள் தரகருக்குப் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பொறுப்பைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்.

"நீயே சொல்லு. நாளைக்குப் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால் என்னைத்தானே பேசுவாய்."

தரகர் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். குறிகட்டுவான் துறை வரைக்கும் கார், பிறகு படகு, தீவில் இறங்கினால் ட்ராக்டர், பின்னேரம் திரும்பலாம். அவர் காட்டுகிற இடத்தைத்தானே பார்க்க முடியும்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டேன். அன்றைக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. "நாங்கள் பஸ்ஸிலை போய்ப் பாக்கிறம், அண்ணை" என்று சொல்லிவிட்டேன்.

துணைக்கு என் வீட்டுக்காரரின் தங்கை வந்தாள். எனக்கு மச்சாள். எனக்கு இல்லாத வாய் முழுவதும் அவளுக்கு. அயலுக்கு நயினாதீவு அம்மனிடம் போகிறோம் என்று பொய் சொன்னோம். அந்தப் பொய்க்கு அம்மன் அன்றே கூலி தந்தாள்.

விடிய வெளிக்கிட்டு யாழ்ப்பாணம் போய், இன்னொரு பஸ் மாறி, குறிகட்டுவானில் லோஞ்சுப் படகில் ஏறினோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கடல். மச்சாள் கதைத்துக்கொண்டே வந்தாள். நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி இருந்தேன். காலில் புதுச் செருப்பு. போகிற இடம் சம்பந்தி வீட்டுப் பக்கம் என்பதால் முதல் நாள்தான் வாங்கியது. வீட்டிலும் தோட்டத்திலும் வெறுங்காலுடன் திரிந்தவளுக்கு அது பெரிய கரைச்சலாக இருந்தது.

துறையில் இறங்கினால் தீவுக்கு இருக்கிற ஒரே பஸ் நிற்கிறது. லோஞ்சுச் சனம் முழுக்க அதற்குள் ஏறியது. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கலன், கோழி, நாங்கள். கொண்டக்டர் நரைத்த மனிதர், தோளில் துவாய்.

"எங்கை போறியள், அக்கா?"

நான் மச்சாளைப் பார்த்தேன். அவள், "சும்மா ஊர் பாக்க வந்தனாங்கள். கடைசி மட்டும் போய்த் திரும்புறதுக்கு ரண்டு டிக்கெட் தாங்கோ" என்றாள்.

பஸ் தூக்கிப் போட்ட போட்டில் என் பைக்குள் போத்தல் 'டங்' என்று இருக்கையில் மோதியது. பக்கத்தில் மடியில் கோழியுடன் இருந்த ஆச்சி திரும்பிப் பார்த்தா.

"உதென்ன பிள்ளை, போத்தலே?"

நான் பையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஊர் பாக்க வந்த சனம் போத்தலோடையோ வாறது? தண்ணி பாக்க வந்திருக்கினம்!" என்று ஆச்சி பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னா. "பொம்பிளை குடுக்கிற ஆக்கள்தான் தண்ணி பாப்பினம். போன வருஷம் ஒருத்தி தேயிலையும் கொண்டெல்லோ வந்தவ, ஊத்திக் குடிச்சுப் பாக்க."

பஸ் சிரித்தது. றைவர்கூடக் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு இருக்கைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"ஆற்ரை வீட்டுக்குப் பிள்ளை?" என்று ஆச்சி விடவில்லை.

மச்சாளுக்கு ஒளித்து வைக்கத் தெரியாது. "சங்கக்கடை மனேச்சருக்கு."

"எட, அந்தப் பொடியனுக்கோ! நல்ல பொடியன். கடன் கேட்டால் மட்டும் குடான்."

ஆளுக்கு ஆள் சொல்லத் தொடங்கினார்கள். கறுப்போ சிவப்போ, எத்தனை மாடு, அவருடைய தகப்பன் எப்போது செத்தார், எல்லாம் பத்து நிமிஷத்தில் வந்து விழுந்தது. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன். பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். வேலிக்கு அந்தப் பக்கம் பனை, வெளி, மேய்கிற குதிரைகள். எங்கள் செம்மண்ணுக்குப் பழகிய கண்ணுக்கு எல்லாம் வெளுத்துத் தெரிந்தது. இந்த வெயிலுக்குள்ளா என் பிள்ளை என்று நினைத்தேன்.

"அந்தா, பூவரசுக்குப் பக்கத்து வீடு. தாய் மாட்டோடை நிக்கிறா" என்று ஆச்சி கையை நீட்டினா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அந்த வீட்டுச் சனம் அள்ளுறது இந்தக் கிணத்திலைதான். பஸ்ஸாலை இஞ்சை இறங்கி அள்ளுங்கோ."

கொண்டக்டர் மணியடித்தார். "திரும்பி வரேக்கை உங்களை ஏத்துறன், அக்கா. இதிலையே நில்லுங்கோ. மூண்டு மணிக்குத்தான் லோஞ்சு" என்று தெளிவாகச் சொல்லித்தான் இறக்கினார்.

வெட்டவெளியில் தனிக் கிணறு. பக்கத்தில் தண்ணீர் அள்ளுகிற பனையோலைப் பட்டை கிடந்தது. யாரோ குடிக்கிற தண்ணீர், செருப்புக் காலுடன் மிதிக்கக் கூடாதென்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டின் மேல் ஏறினேன். மேலாகத்தான் தண்ணீர் இருந்தது. அள்ளி வாயில் விட்டேன். உப்பென்று சொல்ல முடியாது, எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது. போத்தலை நிரப்பித் தக்கையை இறுக்கினேன்.

பிறகு பக்கத்து வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். வேப்ப நிழல் எங்களை விட்டு நகர்ந்தது. பஸ் வரவில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் மணிக்கூடு இல்லை. லோஞ்சைத் தவறவிட்டால் அன்றிரவு எங்கே படுப்பது? நாங்கள் இன்னும் பதில் சொல்லாத சம்பந்தி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டவா? அதைவிடக் கடலில் இறங்கலாம். வீட்டிலும் பொழுது படுவதற்குள் வருவோம் என்று சொல்லியிருந்தேன். இராணுவத்துக்குப் பயந்திருந்த அந்த நாள்களில் சொன்ன நேரத்துக்கு வராதவர்களை நினைத்து வீட்டிலிருப்பவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

"அவர் வாறனெண்டு சொன்னவரெல்லோ" என்றாள் மச்சாள்.

"எங்கடை ஊரிலை கையைக் காட்டினாலே பஸ் நிக்காது. இந்த மனிசன் எங்களை நினைச்சுக்கொண்டோ இருக்கும்? நட, குறுக்காலை போவம்."

வாழ்க்கையில் நான் அவளுக்கு உத்தரவு போட்டது அந்த ஒரு தடவைதான். கல்வேலி ஓரமாக, கடல் தெரிந்த பக்கத்தைப் பார்த்து விறுவிறென்று நடந்தோம். வேர்த்து விறுவிறுத்துத் துறைக்கு வந்தால் லோஞ்சு ஆடிக்கொண்டு நிற்கிறது. அப்பாடா என்று இருந்தது. பஸ்ஸில் சிரித்த சனத்தின் முகத்தில் மறுபடி முழிக்க வேண்டாமென்று கருவாட்டுச் சாக்குகளுக்குப் பின்னால், சுவர் நிழலில் போய்க் குந்திக்கொண்டேன். மச்சாளையும் இழுத்து இருத்தினேன்.

நேரம் போனது. லோஞ்சு கிளம்பவில்லை.

"ஏனாம் நிக்குது?" என்று சாக்குக்கு முன்னால் யாரோ கேட்டார்கள்.

"பஸ் வரேல்லை. பஸ் வராமல் லோஞ்சு எப்ப போனது?" என்றது இன்னொரு குரல்.

அதைக் கேட்டதும் நடந்து வந்தது வீண் என்று விளங்கியது. ஆனாலும் வெளியே தலை காட்டவில்லை. அப்போது ஒருவர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார்.

"பஸ் கிணத்தடியிலை நிக்குது! ரண்டு பொம்பிளையளைக் காணேல்லை. ஒண்டு விழுந்திட்டுது போலை கிடக்கு. கிணத்துக் கட்டடியிலை ஒரு சோடி புதுச் செருப்பு, ஆளில்லை. றைவர் கயிறு கட்டி உள்ளை இறங்கியிட்டார்!"

நான் என் காலைப் பார்த்தேன். புழுதி படிந்த வெறுங்கால். அவ்வளவு தூரம் கல்லில் நடந்தும் எனக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத செருப்பு, இல்லாததும் தெரியாது.

மச்சாள் எழும்பிக் கத்தினாள். "ஐயோ, நாங்கள் இஞ்சை! உயிரோடைதான் இருக்கிறம்!"

வந்தவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். சைக்கிளைத் திருப்பி மிதித்தார். துறையில் நின்ற முழுப்பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ளப் போனவளை அந்தத் தீவே தேடியிருக்கிறது.

பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கினவ கோழி ஆச்சி. அவவுக்குத் துறையில் ஒரு வேலையும் இல்லை.

"எடியே, உயிரோடை இருக்கிறியோ!" என்று என் தோளில் ஒரு அடி போட்டா. பிறகு அழுதா. "உன்ரை சம்பந்திக்காரி மாட்டை விட்டிட்டு ஓடி வந்து நெஞ்சிலை அடிக்கிறா, ஆர் பெத்த பிள்ளையளோ எண்டு. றைவர் இறங்கிறதுக்கு மாட்டுக் கயித்தை அவிட்டுக் குடுத்ததும் அவதான்."

"அவவுக்கு நாங்கள் ஆரெண்டு தெரியுமோ?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"சொல்லேல்லை. உங்களிலை செத்தவள் ஆரெண்டு தெரியாமல் சொல்லக்கூடாதெண்டு இருந்தனான்."

கொண்டக்டர் என் செருப்பைத் துவாயில் துடைத்து இரண்டு கையாலும் கொண்டுவந்து காலடியில் வைத்தார். "இதிலையே நில்லுங்கோ எண்டு சொன்னனானெல்லோ, அக்கா. அங்கை கடைசியிலை ஆசுப்பத்திரிக்குப் போற ஒரு வருத்தக்காரியை ஏத்தச் சுணங்கிப் போச்சு." அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படிச் சொன்னதும்தான் எனக்கு அழுகை வந்தது.

றைவர் கழுத்து வரைக்கும் நனைந்து, உடுத்திருந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்றார். "நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாக்கத் தேவையில்லை, அக்கா. தண்ணி நல்லது. நான் நாலு மிடறு குடிச்சிட்டன்" என்றார். துறை முழுக்கச் சிரித்தது. நானும் அழுகையோடு சிரித்தேன். அத்தனை பேருக்கு முன்னால் வாய் திறந்து சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அக்கரையிலும் யாழ்ப்பாணப் பஸ் லோஞ்சுக்காகக் காத்து நின்றது. பொழுது படுகிற நேரத்தில் படலையைத் திறந்தேன். வாசலில் நின்ற மகளுக்கு முகத்தில் உயிர் வந்தது.

அடுத்த நாள் அந்தப் போத்தல் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டேன். இரண்டு பங்கு விறகு எரிந்தது. அகப்பையால் மசித்தும் மசியவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்து மென்றார்.

"பருப்பு கல்லாக் கிடக்கு."

"ஓம்."

"அப்ப வேண்டாமெண்டு சொல்லுவமோ?"

"இல்லை. குடுப்பம்."

அவர் கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். கதவு நிலையில் நின்ற மகள்தான் கேட்டாள். "அம்மா, அது என்ன மாதிரியான இடம்?"

கல்வேலியும் குதிரையும் நினைவுக்கு வந்தன, ஆனால் அவள் கேட்டது அதை அல்ல.

"ஆளைக் காணேல்லையெண்டால் தேடுவினம், பிள்ளை" என்றேன்.

அவள் வந்து கோப்பையிலிருந்து இரண்டு பருப்பை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

"முதல்நாளே ஊறப் போட்டால் அவியும், அம்மா."

வெள்ளிக்கிழமை தரகர் வந்தார். நான் அடுப்படியில் ஒளியவில்லை. முன்னுக்கு வந்து, நானே பதில் சொன்னேன்.