மாடி அறைத் தம்பியின் அக்கா

எங்கள் மாடி அறைக்கு ஓர் ஆப்கானிய மாணவன் குடிவந்தபோது தெருவில் சிலர் முகம் சுளித்தார்கள். எதிர்வீட்டு அம்மா நேராகவே கேட்டாள், "உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலயா?" என்று. அவன் பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நம் அரசின் உதவித்தொகையில் அரசியல் படித்துக்கொண்டிருந்தான். என் கணவர் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவரோடு பேசிப் பேசியே தமிழ் பழகிக்கொண்டான். அவர் அவனுக்கு அண்ணாத்தே, நான் அக்கா.

அவனுக்குச் சொந்த அக்காவும் ஒருத்தி காபூலில் இருந்தாள். தேர்தல் அலுவலகத்தில் வேலை. கிராமம் கிராமமாகப் போய், ஓட்டுப் போடுவது எப்படி என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அதற்கான பயிற்சி, சம்பளம், வண்டி எல்லாமே வெளிநாடுகள் கொடுத்தவை. உலகெங்கும் ஜனநாயகத்தை வளர்ப்பது தங்கள் கொள்கை என்று அந்த நாட்டுக்காரர்கள் சொன்னார்களாம். அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

காபூல் விழுந்தபோது டிவியில் பார்த்தோம். ஓடும் விமானத்தோடு கூடவே ஜனங்கள் ஓடினார்கள். அவன் கீழே இறங்கி வரவே இல்லை. மறுநாள் மதியம் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு போனேன். கணவரும் பின்னாலேயே வந்தார். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"எங்க அக்கா போன் நேத்துலேருந்து ஆஃப்ல கீது. அதுக்கு முன்னாடி பேசும்போது சொல்லிச்சு, ட்ரெயினிங் குடுத்தவங்களுக்கு மெயில் போட்டுச்சாம், காப்பாத்துங்கன்னு. 'உங்கள் மெயில் கிடைத்தது'ன்னு மெஷின் பதில் மட்டும் வந்துச்சாம். அவங்கள நம்புனது தப்பா, அக்கா?"

நான் தட்டை அவன் முன்னால் வைத்தேன். கணவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா கூலி வேலைக்குப் போவும். நெலத்துக்காரர் சொல்ற சின்னத்துலதான் எங்க தெருவே குத்தும். ஒரு தபா எங்கம்மா மாத்திக் குத்திட்டு வந்துச்சு. எங்கப்பனாண்ட கூட சொல்லல. சாவறதுக்கு முன்னாடிதான் என்னாண்ட சொல்லிச்சு. அதுக்கு யாரு ட்ரெயினிங் குடுத்தாங்க? உங்கக்கா நம்புனது அது சொல்லிக்குடுத்த பொம்பளைங்களதான்டா, வெளிநாட்டுக்காரன இல்ல."

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"உங்கம்மா ஓட்டுப் போட்டுட்டு ஊட்டுக்குத் திரும்பி வந்தாங்க இல்ல, அண்ணாத்தே?"

கணவர் அவன் முதுகில் கை வைத்தார், அவ்வளவுதான். தட்டில் இருந்த சோறு காய்ந்துபோனது. நான் அதை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

அதன்பிறகு அவர் டிப்போவில் டீ குடிக்கிற நேரமெல்லாம் எனக்கு போன் செய்வார். "போன் வந்துச்சாமா?" என்பார். வரவில்லை என்றால் உடனே வைத்துவிடுவார். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் தண்ணீர் லாரிக்காக நிற்கும்போது என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ளையோட அக்கா கெடச்சிச்சா?" என்றாள். நான் இல்லையென்று தலையாட்ட, அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் படிகளில் ஓடிவந்தான். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் கறுப்புத் துப்பட்டாவில் மெலிந்த ஒரு முகம், அவன் அக்கா. உறவினர்களோடு மலைவழியாக எல்லையைத் தாண்டி, பக்கத்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். அவள் மொழியில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது.

"சாப்டியாமா?" என்றேன்.

அவன் மொழிபெயர்த்தான். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். என் கைகள் ஈரம், போனை வாங்கக்கூட முடியவில்லை. பிறகு அவள் ஏதோ சொன்னாள். "'நான் தப்பிச்சுட்டேன், நான் சொல்லிக்குடுத்த பொம்பளைங்கள்லாம் அங்கியே இருக்காங்க'ன்னு சொல்லுது" என்றான் அவன்.

படிப்பு முடிந்ததும் அவனும் அவளிடம் போனான். அங்கிருந்து அகதிகளாகப் போய், இப்போது இருவரும் ஒரு குளிர்நாட்டில் இருக்கிறார்கள். அவள் பகலில் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறாள். மற்ற நேரத்தில், பள்ளிக்கூடம் மூடப்பட்டதால் வீட்டிலிருக்கும் தன் நாட்டுப் பெண்பிள்ளைகளுக்கு போன் வழியாகப் பாடம் எடுக்கிறாள். அந்தப் பெண்கள் வீட்டுக்கு வெளியாள் யாராவது வந்துவிட்டால் பாடம் நடுவில் சட்டென்று நின்றுவிடுமாம். அவர்கள் திரும்பக் கூப்பிடும்வரை காத்திருப்பாளாம்.