குடோன்காரருக்கு ஆகாதவன்

கட்டபெட்டு பக்கம் இருந்த அந்தத் தேயிலை பேக்டரியின் குடோன்காரருக்கு என்னை முதல் நாளே பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை.

நான் அப்போது குன்னூரில் ஒரு கேமரா கடையில் வேலை பார்த்தேன். பேக்டரிகளிலும் காய்கறி மண்டிகளிலும் கடை மாட்டிக் கொடுத்த கண்காணிப்புக் கேமராக்களை மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என் வேலை. கண்ணாடியில் படிந்த தேயிலைத் தூசியைத் துடைக்க வேண்டும். மழை மாதங்களில் கேமராவுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். கழற்றி உலர்த்த வேண்டும். எலி கடித்த ஒயரை மாற்ற வேண்டும். பிறகு ஆபீசில் இருக்கும் பெட்டியில் படம் ஒழுங்காகப் பதிவாகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு பஸ் ஏற வேண்டும்.

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. ஏலத்துக்குப் போன தூளைக் கேட்க ஆளில்லை. விற்காத சரக்கு குடோனில் சேரச் சேர, முதலாளிக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. கேமரா மாட்டச் சொன்னார்.

குடோன்காரர் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பேக்டரியை ஸ்டோரு என்பார், மேனேஜரைத் தொரை என்பார், ஷூவைச் சப்பாத்து என்பார். குடோன் சாவி பல வருஷமாக அவர் இடுப்பில்தான் இருந்தது. நான் முதல் கேமராவை மாட்டிக்கொண்டிருந்தபோது கீழே வந்து நின்று, "நான் திருடுறேன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார். முதலாளியிடம் கேளுங்கள் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பேச்சை நிறுத்தினாரே தவிர மற்றதை நிறுத்தவில்லை. நான் போனால் சாவியைக் காணோம் என்று தேடுவார். நான் தூறலில் நனைந்துகொண்டு நிற்பேன். ஏணி கேட்டால் டிரையர் பக்கம் கையைக் காட்டுவார், அங்கே போனால் இருக்காது. லோடுமேன்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். எல்லாருக்கும் டீ வரும், எனக்கு வராது. நானும் சும்மா இருக்கவில்லை. அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் நேரம் பார்த்துப் போய்க் கதவைத் திறக்கச் சொல்வேன்.

அந்த மழைக்காலத்தில் மூட்டைகள் கூரைவரைக்கும் ஏறிவிட்டன. பின்பக்கக் கேமராவில் மூட்டையின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. குடோன்காரர் வேண்டுமென்றே மறைத்து அடுக்கியிருக்கிறார் என்றார் மேனேஜர். நான் போய்ப் பார்த்தேன். வேறு எங்கேயும் அடுக்க இடமில்லை. அதைச் சொன்னதும் மேனேஜர், "நீங்க கேமராவ மட்டும் பாருங்க" என்றார். மூட்டையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

கேமராவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அதை மேலே கூரைக் கம்பியில் கட்ட வேண்டும். ஏணி அன்றைக்கும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. சேறு ஒட்டிய ஷூவோடு மூட்டைகள்மேல் ஏறினேன்.

"சப்பாத்தோட ஏறாத. மனுசன் குடிக்கிற சாமான் அது" என்று கீழேயிருந்து சத்தம் போட்டார்.

"ஏணி குடுத்திருந்தா நான் ஏனுங்க ஏறப்போறேன்?" என்றேன். ஷூவைக் கழற்றவில்லை. இன்னொரு அடுக்கும் ஏறினேன்.

அவர் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் சறுக்கிக்கொண்டு வந்து சிமெண்டுத் தரையில் தோள்பட்டை அடிபட விழுந்தேன். கையிலிருந்த கேமரா உடைந்து சிதறியது. லோடுமேன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் தூக்க வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மூட்டைமேல் நான் மிதித்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்ச் சுவரில் இருந்த கேமராவில் எல்லாமே பதிவாகியிருந்தது. மேனேஜர் அதை ஓட்டிப் பார்த்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்த ஆளை வெளியே அனுப்ப ரொம்ப நாளாகக் காரணம் தேடிக்கொண்டிருந்ததாக அவரே சொன்னார். பிறகு, "நீங்க ஏறினதை வெட்டிருங்க. அவன் இழுக்கறது, நீங்க விழறது, அது மட்டும் போதும்" என்றார்.

எனக்குத் தோள்பட்டை விண்விண் என்று வலித்தது. குடோன்காரர்மேல் இரக்கம் துளிகூட இல்லை. ஆனால் வலியோடு நிற்கிறவனிடம் உட்காரக்கூடச் சொல்லாமல் வெட்டு, ஒட்டு என்று உத்தரவு போட்ட அந்தக் குரல் ஆத்திரமூட்டியது. வெட்ட முடியாது, வேண்டுமானால் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முழுசாகவே சி.டி.யில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். கடைக்கு நான் போய்ச் சேருவதற்குள் அங்கிருந்து போன் வந்திருந்தது. இனி எங்கள் கடை ஆட்கள் அந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்றார்களாம். கடைக்காரர் என்னிடம் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேக்டரியில் நடந்த விசாரணையில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்களாம். யூனியன்காரர்கள் சேற்று ஷூவைக் காட்டியே வாதாடி, குடோன்காரரின் வேலை போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் சாவியைப் பிடுங்கிவிட்டு, கொழுந்து வாடப்போடும் மாடிக்கு அவரை அனுப்பினார்கள். சாவி மேனேஜருக்கு வேண்டிய ஒருவர் கைக்குப் போனது.

கொஞ்ச நாள் கழித்துக் கோத்தகிரி பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். என் கை இன்னும் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்து நின்றபடி கேட்டார்.

"முழுசாத்தான் குடுத்தியா?"

"ஆமாங்க."

"தொரை வெட்டச் சொன்னாராமே."

"சொன்னாருங்க."

என் கையை ஒரு தடவை பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்பார் என நினைத்தேன். "சப்பாத்தோட நீ ஏறுனது தப்புத்தான்" என்றார்.

இழுத்தது மட்டும் சரியா என்று கேட்டேன். அவர் முன்பக்கம் நகர்ந்து போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய ஊர் வரும்வரை அப்படியே நின்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். நானும் கூப்பிடவில்லை.