விபத்து நடந்த விதம்

கடல் தண்ணீர் புகுந்த கேமரா உடனே சாவதில்லை. துடைத்து எடுத்தால் ஒருமுறை கண் விழிக்கும். திரை வெளுக்கும், எண்கள் ஓடும், பிழைத்துவிட்டது என்று நாம் நம்பத் தொடங்கும் நேரம் பார்த்து அணையும். அதன் பிறகு உள்ளே உப்பு மட்டும்தான் விழித்திருக்கும்.

என்னுடையது கிள்ளான் துறைமுகத்தில் ஒரு காலை வேளையில் நனைந்தது, அஸ்தி கரைக்கப் போன படகில். ஐம்பதைத் தாண்டியபின் கல்யாணக்காரர்கள் என்னைக் கூப்பிடுவது குறைந்துபோனது. அவர்களுக்கு ட்ரோனை மேலே பறக்கவிட்டு எடுக்கிறவன் வேண்டும், மாப்பிள்ளையோடு சேர்ந்து ஆடிக்கொண்டே எடுக்கிறவன் வேண்டும். எனக்கு மிஞ்சியவை இறப்பு வீடுகள். வெளிநாட்டிலிருந்து நேரத்துக்கு வந்து சேர முடியாத பிள்ளைகளுக்காக யாராவது கடைசிச் சடங்குகளைப் பதிவு செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அழுகைக்கு மிக அருகில் போகாமலும் விட்டு விலகாமலும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க எனக்குத் தெரியும். இருந்தது ஒரே கேமரா. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் வாடகையும் சோறும் அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன.

படகில் நான்கு பேர் இருந்தோம். பண்டமாரானிலிருந்து வந்த பெரியவர், அவருடைய மகள், படகோட்டும் சீனர், நான். இறந்தது பெரியவரின் மனைவி. மகன் லண்டனில் இருந்தான். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு. பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். படகுத்துறையிலிருந்து படகில் இறங்கும்போது நான் கை கொடுத்தேன். அவர் அதைக் கவனிக்காதவர் போல, அஸ்திப் பானையைத் தூக்கிக்கொண்டு தானே இறங்கினார்.

கடல் அன்று எண்ணெய் தடவிய தகரம்போல் அசையாமல் கிடந்தது. பானை தண்ணீரைத் தொடும் இடத்தைத் தாழ்வாக எடுக்க வேண்டும் என்று கழுத்திலிருந்து வாரைக் கழற்றி, கேமராவை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தேன். பானை வாயில் கட்டியிருந்த சிவப்புத் துணி அவிழ்ந்தது. சாம்பல் ஒரு மேகம்போல் நீருக்குள் விரிந்து, செவ்வந்திப் பூக்களை விட்டுவிட்டுத் தனியே இறங்கிப் போனது. பானையை விட்டபின் பெரியவரின் இரண்டு கைகளும் படகின் பக்கவாட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தன. பிறகு பிடித்திருக்கவில்லை. அவர் உடல் முன்னால் சாய்ந்தது.

நான் கேமராவை விட்டேன். அவருடைய வேட்டிப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். மகள் "அப்பா" என்று கத்திக்கொண்டு எங்கள் இருவர் மீதும் விழுந்தாள். கேமரா விளிம்பில் மோதிக் கடலுக்குள் போனது. வார் மட்டும் படகின் பக்கவாட்டில் தொங்கிய டயரில் சிக்கிக்கொள்ள, சீனர் கொக்கிக் கழியால் கேமராவை வெளியே எடுத்தார்.

"வழுக்கிடுச்சி," என்றாள் மகள். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டிருக்கவில்லை. பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

அன்று மதியமே பிரிக்ஃபீல்ட்ஸில் மாடிப்படிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ரிப்பேர்க்காரரிடம் போனேன். அவர் கேமராவை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"என்ன பாஸ், கருவாட்டுக் கொழம்புலயா போட்டீங்க?"

"கடல் தண்ணி."

"போச்சு போங்க. ஆத்துத் தண்ணின்னாகூட கெஞ்சிப் பாக்கலாம் லா." லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னிக்கே பிரிச்சுக் கழுவினா பாதி சான்ஸ் இருக்கு. ஆனா நான் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டுட்டாலும் இன்சூரன்ஸ்காரன் திரும்பிப் பாக்க மாட்டான். கிளேய்ம் பண்றதுன்னா அப்படியே வைங்க. அவன் ஆளு வந்து பாக்கட்டும். ரிப்பேர் ஆகாதுன்னு நான் லெட்டர் தரேன், புதுசாவே வாங்கிடலாம். ரெண்டும் வேணும்னா நடக்காது."

"எத்தனை நாள் தாங்கும்?"

"மூணு நாள். அதுக்கு மேல உள்ளுக்குப் பச்சை பூத்துரும்."

கேமராவுக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுத்த பெண் நல்லவள். உடனே விண்ணப்பத்தை அனுப்பினாள். அதில் 'விபத்து நடந்த விதம்' என்ற வரிக்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. கழுத்து வார் இல்லாமல் கடலுக்கு மேல் நீட்டிப் பிடித்திருந்தபோது கை தவறி விழுந்தது என்று எழுதி அவளுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

"என்னண்ணே இது? கழுத்துல வாரும் இல்ல, கடலுக்கு மேல நீட்டிப் பிடிச்சிருக்கீங்க, கை வேற தவறிடுச்சின்னா? கவனக்குறைவுன்னு தூக்கிப் போட்டுருவாங்க."

என்ன நடந்தது என்று சொன்னேன். அவள் குரல் பிரகாசமானது.

"ஒரு ஆளைக் காப்பாத்தத்தான் விட்டீங்களா? அதை எழுதுங்கண்ணே முதல்ல! போலீஸ் ரிப்போர்ட் ஒன்னு எடுங்க. போட்ல இருந்தவங்க ஒருத்தர் லெட்டர் கொடுத்தா போதும். ரெக்கார்டிங் இருந்தா அதுவும் வைங்க, சீக்கிரம் பாஸ் ஆயிரும்."

ரெக்கார்டிங் இருந்தது. கேமராவின் நினைவு அட்டை பிழைத்திருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். படச்சட்டத்தின் ஓரத்தில், கவனம் செலுத்தாமல் எடுத்த இடத்தில், பெரியவரின் விரல்கள் கயிற்றின் மேல் இருந்தன. வழுக்குகிற கை பதறும். எதையாவது பற்றத் தேடும். இந்தக் கை தேடவில்லை. கடைக்காரர் மீதிச் சில்லறையை மேசையில் வைப்பதுபோல், அமைதியாக விரிந்தது. பிறகு வானம், விளிம்பு, பச்சைத் தண்ணீர்.

சாட்சிக் கடிதத்துக்காக மகளைக் கூப்பிட்டேன்.

"வழுக்கி விழுந்தார்னு எழுதுங்கண்ணே. நான் கையெழுத்துப் போடுறேன்." அவள் குரல் தாழ்ந்தது. "வீடியோவுல என்ன இருக்கு?"

"தண்ணிதான் இருக்கு."

"லண்டனுக்கு அனுப்பும்போது அந்த இடம் வேணாம்ண்ணே."

அந்த இடத்தை வெட்டித்தான் அனுப்பினேன். ஆனால் திருத்தி எழுத வேண்டிய விண்ணப்பம் மேசைமேல் கிடந்தது. உண்மையை எழுதினால் போலீஸ் நிலையத்தில் அவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்பார்கள், அவரை வரச் சொல்வார்கள், ஒரு மேசைக்கு எதிரில் உட்கார வைத்து 'ஏன் பாக்சிக்' என்று மலாயில் மாமா போட்டு விசாரிப்பார்கள். வழுக்கினார் என்று எழுதினால் பதிவைக் கேட்பார்கள். பதிவு இல்லை என்று சொல்லலாம். ஒரு பொய்யை ஒட்ட இன்னொன்று. இரண்டு நாளாக அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்: சமையலறைக்கும் ஜன்னலுக்கும், ஜன்னலுக்கும் சமையலறைக்கும். பிளாஸ்டிக் பையில் கேமரா தனக்குள்ளே அழுகிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை கதவைத் தட்டியது பெரியவர். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் ஒரு பேனா. மகள் போனில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"பேப்பர் எங்க தம்பி?"

"உக்காருங்க அங்கிள். கோப்பி கலக்கவா?"

"நாப்பது வருஷம் கிரேன் ஓட்டினேன். மழையில ஏணி ஏறியிருக்கேன். அப்பல்லாம் வழுக்காதவன் இப்ப வழுக்கிட்டான்னு எழுதினா, போர்ட்டுல பழைய ஆளுங்க வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சிரிப்பானுங்க." அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். "நானாத்தான் விட்டேன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன். என்னால உங்க பொழப்பு கெட வேணாம்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்தப் பயம் என் வாயை முந்திக்கொள்ள வைத்தது.

"அதெல்லாம் முடிஞ்சிருச்சி அங்கிள். பாஸ் ஆயிருச்சி. புது கேமரா வருது."

"அப்படியா? என்னான்னு எழுதினீங்க?"

"படகு ஆடிடுச்சின்னு."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"கடலு தட்டு மாதிரி கிடந்துச்சே தம்பி அன்னிக்கு."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். "சரி. நல்லதாப் போச்சி," என்றார். நான் கலக்கிக் கொடுத்திருந்த கோப்பியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். மின்தூக்கிவரை வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்.

அன்றே கேமராவை ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். அவர் சொன்ன பச்சை பூத்திருந்தது. பல் துலக்கும் பிரஷால் ஒரு வாரம் தேய்த்தார். அது எழுந்தது, சில மாதம் வேலை செய்தது. படத்தின் குறுக்கே மெல்லிய ஊதாக் கோடு ஒன்றோடு. பிறகு ஒருநாள் யாரோ ஒருவருடைய நெற்றியில் குடும்பத்தார் திருநீறு பூசிக்கொண்டிருக்கும்போது என் கையில் அணைந்தது. இப்போது வாடகைக்கு எடுத்து வேலைக்குப் போகிறேன். காப்புறுதிப் பெண் இன்னும் திட்டுகிறாள். "வீடு தேடி வர்ற பணத்தை வேணாம்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதாண்ணே."

அவரைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு வாரம் நம்பினேன். நம்பிக்கை போனது எப்போது என்று தெரியவில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போதோ, சாலையைக் கடக்கும்போதோ. ஒரு மனிதர் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல ரயிலேறி வந்திருக்கிறார். மகளிடம் சொல்ல முடியாது. மகனிடம் சொல்ல முடியாது. என்ன நடந்தது என்று அவரைச் சுற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டது விண்ணப்பத்தின் அந்தக் கட்டம் ஒன்றுதான். அதையும் நான் மூடிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டமாரானுக்குப் போனேன். மகள் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்காமல் எனக்கு நாற்காலி போட்டார். மழை வரும்போல் இருக்கிறது என்று பேசினோம். லோரிகள் சாலையைக் கெடுப்பதைப் பேசினோம். பேச வேறு எதுவும் இல்லாதபோது சொன்னேன்.

"அங்கிள், அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்து சொன்னீங்களே..."

சமையலறையில் குழாய் நின்றது.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, ஒரு தெரியாத ஆளுக்கு வழி சொல்கிற மரியாதை மட்டும் இருந்தது.

"படகு ஆடிடுச்சில்ல தம்பி," என்றார். "கோப்பி ஆறுது. குடிங்க."