வளர்கிற கைக்கு ஒரு கோப்பை

பக்கத்துச் சக்கரத்துக்காரரின் கையைத்தான் தையலக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் சக்கரத்தில் தன் மண் ஒரு பக்கமாகச் சாய்வது அவர் கண்ணில் படவில்லை. "விரல் நீளம், மணிக்கட்டு ஒல்லி. உங்களுக்கெல்லாம் சட்டைக் கை முனையை இறுக்கித் தைக்கணும் சார்" என்கிறார். பக்கத்துக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். வீட்டில் ஒருவரும் புகைபிடிக்காவிட்டாலும் வாரத்துக்கு ஒரு சாம்பல் கிண்ணம் செய்துவிட்டுப் போகிறவர். அவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறார், மண்ணோடு.

நூலகத்துக்குப் பின்னால் முன்பு சைக்கிள் நிறுத்திய கொட்டகைதான் இப்போது மண்பாண்டப் பட்டறை. எட்டுச் சக்கரங்கள், ஒரு மின்சாரச் சூளை, எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு தொட்டி. பெயர் கொடுத்தால் யாரும் வந்து பழகலாம். செவ்வாய், சனி இரண்டு நாளும் மதியம் மூன்று மணிக்குத் தையலக்கா ஆஜர். கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைக் கழற்றச் சொன்னால், "அது இல்லன்னா எனக்குத் தலையே நிக்காது" என்பார். டேப்பில் மண் அப்பி, இருபத்தெட்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே எண்கள் அழிந்துவிட்டன. அவர் தெருவில் பாதிப் பேருக்கு இடுப்பளவு இப்போது உத்தேசம்தான்.

புதுத்துணி தைப்பதைவிட பழையதைப் பிரித்துத் தைப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. யார் இளைத்தார், யார் பெருத்தார், யார் பெருத்ததை ஒப்புக்கொள்ள மறுக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வளர்கிற பிள்ளைகளின் துணியில் உள்ளே இரண்டு இஞ்ச் மடித்துவிட்டுத் தைப்பார். ஆறு மாதம் கழித்துப் பிரித்துவிட்டால் போதும், துணி பிள்ளையோடு வளரும்.

இங்கே சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு வயது இருபத்தாறு. தையலக்காவுக்கு ஐம்பது ஆகப்போகிறது. ஆனாலும் டீச்சர் பக்கத்தில் வந்தால் அக்கா முதுகை நிமிர்த்தி உட்காருவார். முதல் வகுப்பிலேயே டீச்சர் சொல்லிவிட்டார்: ஈரமண் காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது எட்டில் ஒரு பங்கு சுருங்கிப்போகும். எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்தார்கள். தையலக்கா மட்டும் மறக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. சுருங்குகிற துணியை வெட்டுவதற்கு முன்னால் என்ன செய்வோம்? ஒருமுறை நனைத்துக் காயப்போடுவோம். அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, பட்டறைக்கென்று வாங்கி வைத்திருந்த மண் மூட்டையைப் பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி ஊறவைத்துவிட்டார். டீச்சர் வந்து பார்த்தபோது தொட்டி நிறையச் சேறு. "சுருங்கறது மொத்தத்தையும் இப்பவே சுருங்கிடட்டும்னு பாத்தேன்" என்றார் அக்கா. தபால்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே போய்விட்டார். தொட்டி அடைத்துக்கொள்வது அன்றிலிருந்துதான்.

அந்தச் சிரிப்பில் அக்காவும் சேர்ந்துகொண்டார். ஆனால் சுருக்கம் அவருக்கு விளையாட்டு விஷயமில்லை. அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள். அக்காவும் கணவரும் பிரிந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அப்போது அக்காவிடம் இருந்தது ஓர் ஒற்றை அறையும் ஒரு தையல் மெஷினும்தான். கணவருக்கோ வேறு ஊரில் வேலை, வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம். எல்லோரும் கூடிப் பேசி, குழந்தை அப்பாவோடு போவதுதான் நல்லது என்று முடிவானது. அக்காவும் சரி என்றுதான் சொன்னார். இப்போது பெண்ணுக்குப் பதிமூன்று. ஞாயிறுதோறும் போனில் முகம் தெரியும். விடைபெறும்போது ஆட்டும் கை ஒரு நொடி தெரியும். நான்கு வருஷமாக அவ்வளவுதான்.

பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் சட்டை தைத்து அனுப்பினார். அளவு கேட்கவில்லை. ஊரில் இருக்கிற பிள்ளைகளுடைய அளவெல்லாம் நோட்டில் இருக்க, பெற்ற பெண்ணின் அளவைக் கேட்பதா? ஒன்பது வயது அளவில் வருஷத்துக்கு இவ்வளவு என்று கூட்டித் தைத்தார். "சரியா இருக்கும்மா" என்பாள் பெண். போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்பியதில்லை. எத்தனை சட்டையைப் பார்த்தவர்! சட்டை பொருந்தவில்லை என்று அவருக்குப் புரியாதா?

அதனால்தான் அவர் மண்ணுக்கு வந்தார். கோப்பைக்கு அளவு ஏது, எந்தக் கையும் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தார். மூன்றாவது வாரமே டீச்சர் அந்த நினைப்பில் மண்ணைப் போட்டார். "பிடிதான் முக்கியம்க்கா. யாரு குடிக்கப் போறாங்களோ அவங்க விரலுக்குச் செய்யணும்."

அதற்குப் பிறகுதான் இந்தக் கை பார்க்கிற வழக்கம் வந்தது. பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் கம்பியைப் பிடிக்கிற கையைப் பார்ப்பார். பதிமூன்று வயதில் இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும். நான்கு கோப்பைகள் செய்தார். சூளையிலிருந்து வந்த ஒவ்வொன்றிலும் பிடி ஒன்பது வயதுக் கைக்குத்தான் சரியாக இருந்தது. மண் இஞ்சுக்கு ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு, சுருங்கும் என்று தெரியும், அதையும் கூட்டித்தான் செய்தார். ஆனால் பிடியை வளைக்கும்போது அவர் விரல்கள் தாமாகவே அந்தப் பழைய கைக்கு வளைத்துவிடும். பேருந்து நிலையத்தில் கடைசியாகப் பிடித்து விட்ட கை அது.

இந்த விடுமுறைக்குப் பெண் பத்து நாள் வருகிறாள். இன்னும் மூன்று வாரம். சனிக்கிழமை சூளை ஏற்றினால்தான் பிறகு மெருகு பூசி இன்னொரு முறை சுட்டு எடுக்க நேரம் சரியாக இருக்கும். போன செவ்வாய்க்கிழமை பிடி வைக்காத ஐந்தாவது கோப்பையை எதிரில் வைத்துக்கொண்டு அக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டீச்சர் மெல்லச் சொன்னார், "அவகிட்டயே கேட்டுடுங்கக்கா."

"கேட்டா, அம்மாவுக்கு என் கைகூடத் தெரியலன்னு நெனைக்க மாட்டாளா?"

அக்கா எழுந்து கை கழுவினார். நகக்கண்ணில் இருந்த மண்ணைக்கூட விடாமல் கழுவினார். பிறகு போனை எடுத்தார்.

"என்னம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே?" பயந்த குரல்.

"ஒண்ணுமில்லடா. உனக்கு ஒரு கோப்பை செய்யறேன். உன் கை எவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியல. அதான் கேக்கறேன்."

அந்தப் பக்கம் டப்பா திறந்து ஸ்கேல் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெண் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். நடுவிரல் மூன்று இஞ்ச், உள்ளங்கை குறுக்கே மூன்று. அக்கா கிடைத்த ஊசியால் எதிரிலிருந்த ஈரமண் பலகையில் எழுதிக்கொண்டார். போதும், வைத்துவிடலாம் என்று நினைத்தபோது பெண் தானாகவே தொடர்ந்தாள்.

"தோள் பதினாலும்மா, யூனிஃபார்முக்கு அளந்தாங்க. அந்த நீலச் சட்டை தலையிலயே நொழையல. நீ ஏன் கேக்கவே மாட்டேங்கறன்னு நெனைச்சேன். எழுதிக்கறியா? இடுப்பு சொல்றேன்."

இடுப்பு, கை நீளம், கழுத்து எல்லாம் வந்தன. பலகையில் இடமில்லாமல் ஓரத்தில் எழுதினார். உயரம் எவ்வளவு என்று கேட்டதற்கு, அம்மா அளவு வந்துவிட்டதாக அப்பா சொன்னார் என்றாள். அக்கா போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். தபால்காரர் தலையை நிமிர்த்தாமல் சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட்டார்.

பிடியை இழுத்து, வளைத்து, கோப்பையில் ஒட்டி முடித்தபோது மணி ஐந்து. யாருடைய கையில் வைத்துப் பார்ப்பது என்று டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். தையலக்கா பலகையை ஒருமுறை படித்தார். தன் வலக்கையை விரித்துப் பார்த்தார். அதுவும் மூன்று, மூன்று. பிறகு தன் விரல்களையே அந்த ஈரப் பிடிக்குள் நுழைத்தார். சுருங்கவேண்டிய அளவுக்குத் தளர்வாக, சரியாக இருந்தது. விரலை எடுக்காவிட்டால் பிடி தொய்ந்துவிடும் என்றார் டீச்சர். தையலக்கா இன்னொரு கையைக் கோப்பையின் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, விரல்களை உள்ளேயே வைத்திருந்தார்.