கொலைகாரனுக்கு எழுதிய வசனம்

ஐயாவைக் கொன்றவனுக்கு என் திரைக்கதையில் ஒரு சொல்கூட இல்லை. இருட்டிலிருந்து வருவான், மண்வெட்டியை ஓங்குவான், ஐயா பின்மண்டை பிளந்து வாய்க்காலுக்குள் விழுவார், தண்ணீர் சிவக்கும். கடைசி வருடத்தில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். அதற்காக நான் எழுதியது இது.

கொழும்பில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, புலமைப்பரிசில் கிடைத்து இந்தியாவுக்குச் சினிமா படிக்கப் போயிருந்தேன். கிளிநொச்சியில் யாராவது விசாரித்தால் அம்மா, "மோன் இந்தியாவிலை மேல்படிப்புப் படிக்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சினிமா என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

எங்களுக்குத் திரைக்கதை கற்பித்தவர் ஒரு வங்காளி. நான் வாசித்து முடிக்கும்வரை சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலிடையே வைத்திருந்தார்.

"அடி நன்றாக விழுகிறது. அடிக்கிறவனைத்தான் காணவில்லை," என்றார். "இவன் யார்? உனக்குத் தெரியுமா?"

"தெரியும். இது உண்மையில் நடந்தது. செத்தவர் என் அப்பா."

அவர் அனுதாபம் எதுவும் சொல்லவில்லை. "அவன் உயிரோடு இருக்கிறானா? இருந்தால் போய்க் கேள். இங்கே வேறு யாருக்கும் அந்த வசதி இல்லை."

அந்தச் சொல்லுக்காக அவரை அடித்திருப்பேன். விடுமுறைக்கு ஊருக்குக் கப்பலேறும்வரை அந்தக் கோபம் ஆறவில்லை.

ஐயா யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். பக்கத்து வயல்காரனும் அவரோடு கூடவே வந்து காடு வெட்டியவன்தான். ஒரு கோடைச் சிறுபோகத்தில் குளம் வற்றி, முறை வைத்துத் தண்ணீர் திறந்தார்கள். அந்தச் சண்டையில் அவன் ஐயாவை மண்வெட்டியால் அடித்தான். யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்துக்கொண்டிருந்த நான் வந்து சேர்ந்தபோது ஐயாவின் தலை முழுவதும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. துணிக்கு மேல் ஈ மொய்த்தது. "பின்னாலை வந்து அடிச்சவன்," என்றான் அண்ணை. அதற்குப் பிறகு அந்தக் கதையை நாங்கள் வீட்டில் எடுத்ததில்லை.

அவன் தண்டனை முடிந்து மறியலில் இருந்து வெளியே வந்து, கண்டாவளையில் மனைவியின் ஆட்களோடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சிநேகிதனைப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு அண்ணையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

முற்றத்தில் வாழையிலை பரப்பி, அவர் காட்டுப்பன்றி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை இரத்தம். மெலிந்த மனிதர். நான் இன்னாருடைய இளைய மகன் என்றதும் கத்தி எலும்பிலேயே நின்றது.

"பழி தீர்க்க வந்தனியோ?"

"இல்லை. கேக்க வந்தனான். அண்டைக்கு என்ன நடந்தது?"

எழுந்துபோய் நெடுநேரம் கை கழுவினார். அவருடைய மனைவி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பின்னாலை அடிச்சதெண்டே சொன்னவை? முன்னுக்கு நிண்டுதான் அடிச்சனான், தம்பி. முகத்தைப் பாத்துத்தான் அடிச்சனான். முதல் அடியோடை உன்ரை ஐயா விழுந்திட்டார். அதுக்குப் பிறகும் ரண்டு அடி. அது தேவையில்லாத அடி. மறியலிலை கிடந்து அந்த ரண்டு அடியைத்தான் யோசிச்சனான்."

"ஏன் அடிச்சனீங்கள்?"

மனைவிதான் சொன்னார்.

"அண்டைக்கு முறை எங்கடை. இவர் சந்தைக்குப் போயிருந்தவர். உன்ரை ஐயா வந்து வரம்பை வெட்டித் தண்ணியைத் தன்ரை பக்கம் திருப்பினார். நான் குறுக்கை போய் நிண்டனான். எனக்கு அப்ப ஆறு மாசம். மண்வெட்டியைத் திருப்பிப் பிடியாலை அடிவயித்திலை அடிச்சார். வாய்க்காலுக்குள்ளை விழுந்தனான். பிள்ளை அங்கையே செத்துப் போச்சு. இவர் திரும்பி வந்து என்னைக் கண்டிட்டுத்தான் மண்வெட்டியோடை போனவர்."

அவரிடம் கேட்டேன். "கோட்டு வழக்கிலை இதொண்டும் வரேல்லையே?"

"எனக்காகப் பேசின அப்புக்காத்து இவளைக் கூண்டிலை ஏத்தச் சொன்னவர்," என்றார் அவர். "பிள்ளை போன கதையை ஊர்ச்சனத்துக்கு முன்னாலை நிண்டு சொல்லச் சொல்லுறதோ? நான் விடேல்லை."

புறப்படும்போது அந்தப் பெண் ஒரு பங்கு இறைச்சியை வாழையிலையில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம்.

வீட்டுப் படலைக்குள் நுழையும்போதே அண்ணை இலைப்பொதியைக் கண்டுவிட்டான்.

"இது ஆர் தந்தது?"

சொன்னேன். பொதியை அவிழ்த்து நாய்க்கு எறிந்தான். திரும்பி, சைக்கிளில் இருந்த பம்பை உருவி என் தாடையில் அடித்தான். பல்லொன்று உடைந்து நாக்கில் குத்தியது. விழுந்தேன். முதுகிலும் தோளிலும் மாறி மாறி அடி விழுந்தது. "ஐயாவைத் திண்டவன்ரை வீட்டிலை தின்னப் போனனியோ?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான்.

"ஐயா அவவுக்கு அடிச்சவரோ?" என்றேன், வாயில் இரத்தத்தோடு.

அதற்கு இன்னும் பலமாக அடித்தான்.

குசினிக்குள் இருந்து அம்மா வந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். முற்றத்து நடுவில் நின்று, "கேட்டதுக்கு மறுமொழி சொல்லு," என்றார் அண்ணையிடம்.

"எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்." அம்மா என் பக்கம் திரும்பினார். "ஓம் மோனை, அடிச்சவர். அவவுக்கும் அடிச்சவர். எனக்கும் அடிச்சவர். இவன்ரை இடக்காது கேக்காதது காய்ச்சலாலை எண்டு உனக்குச் சொன்னனாங்கள். ஐயா அறைஞ்சதாலை போன காது அது. நீ படிக்கிற பிள்ளையெண்டு உன்னிலை மட்டும் கை வைக்கேல்லை."

அண்ணை பம்பைக் கீழே போட்டுவிட்டு நிலத்தில் குந்தினான். சிறிது நேரத்தில் எழுந்து, என்னைத் தூக்கிச் சைக்கிள் பாரில் இருத்தி ஆசுபத்திரிக்கு மிதித்தான். வழி முழுக்க அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் என் பிடரியில் கேட்டது.

"டொக்டர் கேட்டால்?" என்றான்.

"சைக்கிளாலை விழுந்தனான் எண்டு சொல்லுறன்."

"ம்."

விடுமுறை முடிந்து இந்தியாவுக்குத் திரும்பி, திரைக்கதையை முதலில் இருந்து எழுதினேன். நகரத்துக்கு வெளியே ஒரு கரும்புத் தோட்டத்து வாய்க்காலில் படப்பிடிப்பு. ஐயாவாக நடித்தவன் என் வகுப்புத் தோழன், பூனையைக்கூட அதட்டாதவன். பக்கத்து வயல்காரரின் மனைவியாக நடித்தவளை மண்வெட்டிப் பிடியால் தட்டிக்கொடுப்பதுபோல் அடித்தான். பல தடவை எடுத்தும் சரிவரவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்கே கொடு," என்று பிடியைப் பறித்தேன். எப்படி என்று காட்டத்தான் ஓங்கினேன். ஆனால் ஓங்கியபோது என் தோள் எனக்குப் புதிதாக இருந்தது. அவ்வளவு பலம் அதில் இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை. வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட்டேன். அவள் அதற்குள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு அலறித் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். உடனே எல்லோரும் ஓடிவந்து என்னைப் பிடித்தார்கள்.

"தொடவில்லை, தொடவில்லை," என்று அவளே அவர்களிடம் சொன்னாள். அழுகையை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. கெமரா ஓடிக்கொண்டேதான் இருந்தது. மிச்சத்தை எடுக்கச் சொல்லி ஒளிப்பதிவாளனிடம் விட்டுவிட்டு நான் கரும்புக்குள் நடந்தேன்.

என் கை மட்டும் தெரியும் அந்தத் துண்டை வெட்ட வேண்டாம் என்றார் வங்காளி ஆசிரியர். அவளிடம் கேட்டேன். "இவ்வளவு அழுதது வீணாகக் கூடாது, வைத்துக்கொள்," என்றாள். கொலைகாரன் அந்தப் படத்தில் ஒரேயொரு தடவை பேசுவான். முதல் அடிக்குப் பிறகு விழுந்த இரண்டு அடியைப் பற்றி.

படம் தேறியது. நான் திரும்பி வந்து கொழும்பில் விவரணப் படம் எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். படச்சுருள் அங்கேயே தங்கிவிட்டது.

ஒரு அறுவடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, வயலில் வைத்து அண்ணை தானாகவே கேட்டான்.

"உன்ரை படத்திலை ஐயா எப்பிடி?"

"நல்லா உழைக்கிறார். ஆக்களுக்கு அடிக்கிறார்."

அவன் அரிவாளின் கூரைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான்.

"அவ விழேக்கை நான் வரம்பிலை நிண்டனான்," என்றான். "ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். ஐயாவுக்குப் பயத்திலை நிண்டிட்டன்."

நான் அவன் தோளில் கை வைத்தேன். அவன் அதைத் தட்டிவிடவில்லை. பிறகு குனிந்து கதிரை அறுக்கத் தொடங்கினான்.